மணலுக்குக் கீழே ஒரு நடவு

இன்னும் ஒரு கரண்டி. இன்னும் ஒரே ஒரு கரண்டி மணலை வழித்துவிட்டால் தெரிந்துவிடும். தெரியாமல் போனாலும் போகும். போனால் மேலே ஏறி, முழங்கால் மண்ணைத் தட்டிவிட்டு, நீங்கள் சொன்னதுதான் சார் சரி, கீழே ஒன்றுமே இல்லை என்று கோதண்டபாணி சாரிடம் சொல்லிவிட்டுப் பேருந்து பிடிக்க வேண்டியதுதான். சொல்வேனா? செத்தாலும் சொல்ல மாட்டேன், வாயில் வராது. அவர் மீசைக்குள்ளேயே சிரிப்பார், அந்தச் சிரிப்பைப் பார்ப்பதற்கு இந்தக் குழியிலேயே கிடந்துவிடலாம். குழி நன்றாகத்தான் இருக்கிறது. மேலே வெயில் மண்டையைப் பிளக்கிறது, இங்கே என் தலைக்கு மேல் உயரமாக மணல் சுவர், ஈரச் சுவர், கன்னத்தை வைத்தால் குளுகுளுவென்று இருக்கிறது. வைத்தும் பார்த்தேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தேன், அஞ்சலை பார்த்துவிட்டாள். "என்னாம்மா, சொவத்துக்கு முத்தம் குடுக்கிற?" என்றாள். அவள்தான் குழி வேலைக்கு வந்த பெண்களுக்கெல்லாம் தலைவி, அவளிடம் பதில் பேசி ஜெயித்தவர்கள் இல்லை. சூடு அம்மா, உடம்பெல்லாம் எரியுது என்றேன். பொய் இல்லை. ஐம்பதை நெருங்கும் பெண்ணின் உடம்புக்குள் நேரம் காலம் இல்லாமல் ஒருவன் அடுப்பைப் பற்றவைக்கிறான், அதை யாரிடம் போய்ச் சொல்வது. எரியட்டும். இன்றைக்கு மட்டும் எது வேண்டுமானாலும் எரியட்டும், நான் அழ மாட்டேன், எழுந்திருக்கவும் மாட்டேன், கரண்டியைக் கீழே வைக்கவும் மாட்டேன்.

நடந்ததை எனக்கு நானே ஒருமுறை ஒழுங்காகச் சொல்லிக்கொள்கிறேன், இல்லாவிட்டால் பயம் வந்து எல்லாவற்றையும் கலக்கிவிடும். வடக்கே தென்பெண்ணை. தெற்கே தாழங்கொல்லை ஊர். நடுவில் இந்தப் படுகை. ஆற்றங்கரை மேடு, மேட்டிலிருந்து இறங்கினால் நான் உட்கார்ந்திருக்கும் இந்தத் தாழ்வு, அதற்கும் தெற்கே ஊரை ஒட்டிப் பழைய ஓடை. ஓடை என்று பெயர்தான், ஆடு மேய்கிறது அதில். ஆற்றின் மேல் பாலம் வரப் போகிறது. வரட்டும், வர வேண்டும், அக்கரை எறையாங்குப்பத்துப் பிள்ளைகள் மழைக்காலத்தில் பள்ளிக்கூடத்தையே மறந்துவிடுகிறார்கள், பாலம் வேண்டாம் என்று சொல்ல நான் யார். ஆனால் ஊரிலிருந்து பாலம் வரைக்கும் சாலை போட இந்தப் படுகையின் குறுக்கே மண்ணைக் கொட்டி ஒரு கரை எழுப்பப் போகிறார்கள், வடக்கு தெற்காக, மதில் மாதிரி. ஓடை குறுக்கிடும் இடத்தில் ஒரு குழாய் வைத்தால் போதுமாம். ஒரு குழாய்! அதற்கு முன்னால் இரண்டு கேள்விக்குப் பதில் வேண்டும் என்று நெடுஞ்சாலைத் துறையில் கேட்டார்கள். மண்ணுக்குள் பழசு ஏதாவது இருக்கிறதா, அது தொல்லியல்காரர் கோதண்டபாணி சார் பாடு. வெள்ளம் இந்தப் பக்கம் வருமா, அது மண்ணியல்காரி என் பாடு. அவர் அங்கங்கே குழி வெட்டினார். மேல்மண் போனது, வண்டல் போனது, அப்புறம் சுத்தமான மணல். ஓட்டுத்துண்டு ஒன்றுகூட இல்லாத மணல். கன்னி மண் வந்தாச்சு என்று சொல்லி, தேங்காயை உடைத்து, சூடம் கொளுத்தி, குழியை மூடிவிட்டார். தோண்டுகிறவர்களின் பழக்கம் அது. சுத்தமான மண் வந்துவிட்டால் மனிதன் தொடாத மண், அதற்குக் கீழே தேடுவதில்லை. மேட்டு நிலத்தில் அது சரி. ஆற்றுப் படுகையில் சரியா? ஆறு ஒரே நாளில் ஆள் உயரத்துக்குச் சுத்தமான மணலைக் கொண்டுவந்து கொட்டும், அதன் கீழே ஒரு ஊரே படுத்திருந்தாலும் மேலே நிற்பவனுக்குத் தெரியாது. இதைக் கூட்டத்தில் சொன்னேன், எல்லோரும் தேநீரைக் குடித்தார்கள்.

அன்றைக்கு அவர் என்னைக் கேட்ட கேள்வி இன்னும் காதுக்குள் நிற்கிறது. "வெள்ள மணல்னே வச்சுக்கம்மா. எப்ப வந்த வெள்ளம்? மனுசன் பொறக்கறதுக்கு முன்னாடி வந்த வெள்ளத்தைக் காட்டியா ரோட்டை நிறுத்தப் போற?" அவர் கெட்டவர் இல்லை, அதுதான் எரிச்சல். கெட்டிக்காரர். கேள்வியைச் சரியான இடத்தில் வைத்தார். மணலுக்குக் கீழே மனிதன் இருந்தால்தான் அந்த வெள்ளம் மனிதன் பார்த்த வெள்ளம். இல்லாவிட்டால் அது வெறும் மணல், நான் வெறும் மணல் மேடம். அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்னை, முதுகுக்குப் பின்னால், இப்போதெல்லாம் முகத்துக்கு நேரேயும். நல்லவேளையாக அந்தப் பொறியாளர் இளம்பரிதி, பாலத்துக்குப் பொறுப்பானவர், அக்கரை ஊர்க்காரர், அதிகம் பேசாதவர், "ஒரு தடவை கீழ போய்ப் பார்த்துடட்டும் சார், எனக்கும் மனசுல உறுத்தல் இருக்காது" என்றார். ரோடு வரப் போகும் கோட்டிலேயே ஆற்றங்கரை மேடு வரைக்கும் நீளமாக ஒரு குழி. ஜேசிபி நேற்று மணலை அள்ளிவிட்டது, அடியில் கடைசிச் சாண் மட்டும் கையால். இன்றைக்குச் சாப்பாட்டு வேளைக்குள் மனிதனைக் காட்டு, இல்லாவிட்டால் லாரி மண்ணைக் கொட்டும். லாரிகள் வந்துவிட்டன. ஊர்ச் சாலையோரம் வரிசையாக நிற்கின்றன, ஒருவன் எஞ்சினை அணைக்காமலே வைத்திருக்கிறான், அந்த உறுமல் மணல் வழியாக வந்து என் முழங்காலில் கேட்கிறது. டீசல் யார் அப்பன் வீட்டுக் காசு, அணைத்துத் தொலையேன் என்று கத்தலாம் போலிருக்கிறது.

சுவரைப் பார்க்காதே, கீழே பார். ஆனால் கண் சுவருக்குத்தான் போகிறது. சுவர் பார்த்தே வளர்ந்த கண். நெய்வேலியில் சுரங்கத்தில் அப்பாவுக்கு வேலை, ஞாயிற்றுக்கிழமை பெரிய பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தி, பாரு வேணி, மேல செம்மண்ணு, அப்புறம் களி, அப்புறம் மணலு, அதுக்கும் கீழ கரி என்று காட்டுவார். மற்ற பிள்ளைகள் கடற்கரைக்குப் போனார்கள், நான் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு கடலைமிட்டாய் தின்றேன். அப்பா, இந்தச் சுவரைப் பாருங்கள், இதில் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. மணலில் மெல்லிய கோடு கோடாகச் சாய்வு இருக்கிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடியதோ அந்தப் பக்கம் இறங்குகிற சாய்வு, அதில் பொய் இருக்காது. ஆறு வடக்கே இருக்கிறது. வெள்ளம் வடக்கிலிருந்து வந்தால் சாய்வு தெற்கே இறங்க வேண்டும். இது வடக்கே இறங்குகிறது. காலையிலிருந்து பார்க்கிறேன், மாறி மாறிப் பார்க்கிறேன், திசை மறந்துவிட்டதோ என்று சூரியனைக்கூடப் பார்த்துவிட்டேன். ஆற்றை நோக்கி ஓடுகிறது வெள்ளம், ஆற்றிலிருந்து அல்ல. என்ன கண்றாவி இது. இதைக் கோதண்டபாணி சார் பார்த்தால் முடிந்தது கதை, மணல் மேடத்துக்கு மணலே தெரியவில்லை என்பார். எனக்குத் தெரியவில்லை என்றால்? நிஜமாகவே தெரியவில்லை என்றால்? இத்தனை வருஷம் சம்பளம் வாங்கிக்கொண்டு ஊர் ஊராகப் போய் மணலைப் பார்த்துத் தலையாட்டியது எல்லாம் வெறும் தலையாட்டல்தானா? பயப்படுகிறேன். ஆமாம், பயமாகத்தான் இருக்கிறது, ஒத்துக்கொண்டால் கொஞ்சம் குறைகிறது. சுவரை விடு. கீழே வழி.

கரண்டி வழுக்குகிறது. இதுவரை சரசரவென்று போனது இப்போது வெண்ணெய் மேல் போகிற மாதிரி போகிறது. களி. சாம்பல் நிறக் களி, பிசுபிசுப்பு, மூக்கில் வைத்தால் பழைய சேற்று வாசம். சரி, களி வந்தாயிற்று, களி மட்டும் போதாது, களி ஆறே போட்டதாக இருக்கும், மனிதனைக் காட்டு என்பார். பிரஷ்ஷால் தட்டுகிறேன். களியின் மேல் ஒரு மணல் பொட்டு. பக்கத்தில் இன்னொன்று. பணியாரச் சட்டியில் மாவு ஊற்றின மாதிரி களிக்குள் குழி குழியாக மணல் நிறைந்திருக்கிறது, ஊதினால் மணல் வெளியே வந்துவிடுகிறது, குழி அப்படியே நிற்கிறது, விரல் நுழையும் அளவுக்கு. "நண்டு வளைம்மா" என்கிறாள் அஞ்சலை, எட்டிப் பார்த்துவிட்டு. வாயை மூடு அஞ்சலை. நண்டு வளையாகத்தான் இருக்கும், என் அதிர்ஷ்டத்துக்கு வேறென்ன இருக்கும். ஆனால் நண்டு வளை ஆழமாகப் போகும், வளைந்து போகும், இவை மேலோடு நிற்கின்றன, எல்லாம் ஒரே ஆழம், விரலை விட்டுப் பார்க்கிறேன், இதுவும் அதே ஆழம், அடுத்ததும். என் விரலுக்கு இது தெரியும். எங்கே தெரியும்? கட்டைவிரலும் இரண்டு விரலும் சேர்ந்து உள்ளே போய் வெளியே வருகிற இந்த அளவு. கல்லூரி விடுமுறையில் மாமா வயலில் ஆள் கிடைக்காமல் அத்தை என்னையும் இறக்கிவிட்டாள், குனிந்து குனிந்து இடுப்பு போய், கணுக்காலில் அட்டை கடித்து, முகமெல்லாம் சேறாக, இந்தப் பிழைப்பே வேண்டாம் என்று அழுதுகொண்டே நட்டேனே. ஜென்மத்துக்கும் வயலில் கால் வைக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அந்த விரல். அந்த ஆழம். நாற்று! நாற்றுக் குத்து! இது நாற்று நின்ற குழி, நாற்று அழுகிப் போய் அந்த இடத்தில் மணல் போய் உட்கார்ந்திருக்கிறது!

கத்தவில்லை. கத்தினேன் என்று அஞ்சலை பிற்பாடு சொல்வாள், நம்பாதீர்கள். அத்தனை பெண்களும் வந்துவிட்டார்கள், குழியின் நீளத்துக்கும் உட்கார்ந்து வழித்தோம். பிரஷ் போதாமல் முந்தானையால் துடைத்தார்கள், வாயால் ஊதினார்கள், குழி குழியாக வந்தது, வரிசை வரிசையாக வந்தது, ஒரு வயலே கண்ணைத் திறந்தது. இந்தப் பக்கம் வரப்பு, வரப்பின் ஓரத்தில் மிதிபட்டுக் கிடந்த பானை ஓட்டுத்துண்டு, உள்ளே கருப்பு, வெளியே சிவப்பு. எத்தனை காலத்து ஓடு என்று இப்போது சொல்ல மாட்டேன், ஆய்வகம் சொல்லட்டும், ஆனால் நேற்றைய ஓடு இல்லை, அது போதும். அஞ்சலை இடுப்பில் கையை வைத்துக்கொண்டு மேலும் கீழும் பார்த்தாள். "எவ நட்டவ இது? கோணக்க மாணக்கன்னு நட்டுவச்சிருக்கா பாரு. என் கூட நட்டிருந்தான்னா முதுவுல ரெண்டு வச்சிருப்பேன்." எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன், சிரிப்பு நிற்கவே இல்லை, கண்ணில் தண்ணீர் வந்து சேற்றோடு கலந்து வாய்க்குள் போனது. எத்தனையோ தலைமுறைக்கு முன்னால் செத்துப்போனவளைக் கோணலாக நட்டாய் என்று திட்டுகிறாள், இதைவிட அவளை உயிரோடு காட்ட முடியுமா என்ன. குத்துகளுக்கு நடுவே இப்போது பெரிய குழிகள் தெரிகின்றன. நீளமாக, ஒரு பக்கம் அகலமாக, அகலமான பக்கத்தில் சின்னச் சின்னப் பொட்டுகள். விரல்கள். கால் விரல்கள். பெருவிரல் தனியாகப் பிரிந்து சேற்றில் ஊன்றியிருக்கிறது. நான் அதன் பக்கத்தில் மண்டியிட்டேன், தொடவில்லை, தொடப் பயமாக இருந்தது, தொட்டால் எழுந்து போய்விடுவாள் போலிருந்தது.

மேலே நிழல் விழுந்தது. வந்துவிட்டார்கள், இரண்டு பேரும், கோதண்டபாணி சார் குடையோடு, இளம்பரிதி தொப்பியோடு. சார் முட்டிவலியோடு படி இறங்கி வந்து குனிந்து பார்த்தார், நீண்ட நேரம் பார்த்தார். "மாடு மிதிச்சிருக்கும்மா." மாட்டுக்கு அஞ்சு விரலா சார்? "சரி, ஆளு. ஆளு நடந்து போயிருக்கான். ஆத்துல மீன் பிடிக்கப் போனவனா இருக்கும். வயல்னு எப்படிச் சொல்ற?" கேளுங்கள் சார், இதைத்தானே கேட்பீர்கள் என்று காத்திருக்கிறேன். விரல் எந்தப் பக்கம் இருக்கு பாருங்க சார், குத்து நட்ட பக்கம். முன்னாடி நடந்து போயிருந்தா அத்தனை நாத்தையும் மிதிச்சு நாசம் பண்ணியிருக்கணும். ஒரு குத்துகூட மிதிபடல. ஏன்னா அவ முன்னாடி போகல, பின்னாடி போறா. நட்டுட்டு ஒரு எட்டு பின்னாடி, நட்டுட்டு ஒரு எட்டு பின்னாடி. காலைப் பின்னால உருவும்போது குதிகால்தான் சேத்தைக் கிழிக்கும், கிழிசல் எல்லாத் தடத்துலயும் குதிகால் பக்கம்தான் இருக்கு. பின்னாலயே நடந்து செய்யற வேலை உலகத்துல வேற என்ன சார் இருக்கு? அவர் மறுபடி குனிந்தார். குடையை அஞ்சலையிடம் கொடுத்தார். சட்டென்று செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார், அதை நான் எதிர்பார்க்கவில்லை, கோவிலில் கழற்றுகிற மாதிரி கழற்றினார். "நடவுதான்" என்றார். அவ்வளவுதான், ஒரே சொல், மீசை சிரிக்கவில்லை. எனக்குள்ளே ஆயிரம் சரவெடி. அடக்கிக்கொண்டு நின்றேன், அடக்கமான பொம்பளை என்று பெயர் எடுப்பதற்கு இல்லை, வாயைத் திறந்தால் குலவை போட்டுவிடுவேன் என்ற பயத்தில்.

அப்போதுதான் முன்னால் வழித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி கூப்பிட்டாள். நடவு அங்கே நின்றுபோகிறது. அதற்கு அப்பால் வெறும் சேறு, நட வேண்டிய சேறு, பாதி வயலில் வேலை அறுந்திருக்கிறது. அறுந்த இடத்தில் தடங்கள் திரும்புகின்றன. இப்போது விரல்தான் ஆழமாகக் குத்தியிருக்கிறது, எட்டு நீளமாக, ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, வழுக்கி, ஒரு இடத்தில் கையை ஊன்றி எழுந்த தடம்கூட இருக்கிறது. நட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் ஓடியிருக்கிறார்கள். வெள்ளம் சார், வெள்ளம் வந்திருக்கு, பார்த்துட்டு ஓடறாங்க என்றேன். இளம்பரிதி பாக்கெட்டிலிருந்து கைப்பேசியை எடுத்துத் திசை பார்த்தார். "மேடம், வடக்க ஓடியிருக்காங்க." வடக்கே. ஆற்றை நோக்கி. கோதண்டபாணி சார் மெதுவாக, குத்தலே இல்லாமல், நிஜமான வருத்தத்தோடு சொன்னார்: "வெள்ளம் வந்தா ஆத்தைப் பாத்தா ஓடுவாங்க? இல்லம்மா. வேற எதுக்கோ ஓடியிருக்காங்க. மணல் பின்னாடி எப்பவோ வந்திருக்கு." மேலே லாரி உறுமுகிறது. ஆமாம், யார் ஓடுவார்கள் ஆற்றைப் பார்த்து. கைக்கு எட்டியது, விரலுக்கே எட்டியது, கடைசியில் நழுவுகிறதே. பாம்பைக் கண்டு ஓடினார்களா, சண்டைக்கு ஓடினார்களா, சோற்றுக்கு ஓடினார்களா. வடக்கே ஏன் ஓட வேண்டும். வடக்கே என்ன இருக்கிறது. வடக்கே, வடக்கே, வடக்கே, என்று மனசு செக்கில் சுற்றுகிறது, சுவர், சாய்வு, வடக்கே இறங்குகிற சாய்வு, காலையிலிருந்து என் உயிரை வாங்கின சாய்வு. அடிப் பைத்தியமே. அடி மணல் மேடமே!

தண்ணீர் ஆற்றிலிருந்து வரவில்லை! ஊர்ப் பக்கமாக வந்திருக்கிறது! என் குரல் எனக்கே யாரோ கத்துகிற மாதிரி கேட்டது. சுவரைப் பாருங்க சார், இந்தக் கோட்டைப் பாருங்க, எல்லாம் வடக்கால சாயுது, தண்ணி தெக்கேயிருந்து வடக்க ஓடியிருக்கு. தெக்கே என்ன இருக்கு? ஓடை! ஆறு மேலே எங்கேயோ உடைச்சுக்கிட்டுப் பழைய ஓடை வழியா இறங்கி, ஊருக்கும் வயலுக்கும் நடுவுல பூந்து வந்திருக்கு. வீட்டுக்குப் போற வழி அடைச்சுப்போச்சு. அப்ப இந்தப் படுகையிலேயே மேடு எது? ஆத்தங்கரைதான் மேடு! ஆறு தன் கரையைத் தானே ஒசத்திக்கும், எல்லாப் படுகையிலும் அப்படித்தான். அவளுங்களுக்குத் தெரிஞ்சிருக்கு சார், ஆத்தைப் பார்த்துத்தான் ஓடணும்னு! பேச்சு முடிந்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. கோதண்டபாணி சார் சுவருக்கு அருகே போய்க் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கோட்டின் மேல் விரலை ஓட்டினார், ஒரு தடவை, இன்னொரு தடவை, தெற்கிலிருந்து வடக்கே. "கன்னி மண்ணுன்னு எழுதிக் குடுத்துட்டனே" என்றார் தனக்குள். "மாத்தி எழுதறேன். என் கையாலயே எழுதறேன்." இதற்குத்தானே இத்தனை நாள் காத்திருந்தேன், ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் பழிதீர்த்த சந்தோஷம் வரவில்லை, வேறு சந்தோஷம், இரண்டு பேரும் ஒரே கோட்டைப் பார்க்கிற சந்தோஷம் வந்தது. அது இன்னும் பெரிதாக இருந்தது.

இளம்பரிதி படியேறி மேலே போனார். போய்விட்டாரே என்று நினைத்தேன். ஏறிப் பார்த்தால், சாலைக்கு அடையாளமாக நட்ட கொடிக் குச்சிகள் ஊரிலிருந்து ஓடையைத் தாண்டி வருகிற வரிசையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பார்த்துக்கொண்டே இருக்கிறார். தாழங்கொல்லையின் கடைசி வீடுகள் ஓடையை ஒட்டி, தண்ணீர் வருகிற மேற்குப் பக்கம் இருக்கின்றன, ஒரு வீட்டு மாடியில் துணி காய்கிறது. "இந்தத் தண்ணி இன்னொரு தடவை வந்தா" என்றார், "என் மண் கரையில முட்டி நிக்கும். குழாய் பத்தாது. அந்தத் துணி காயுதே, அந்த வீடு வரைக்கும் ஏறும்." "எங்க ஊருக்குப் பாலம் வேணும் மேடம். ஆனா இவங்க தலையில ஏறிப் போற பாலம் வேணாம்." கைப்பேசியை எடுத்தார். யாரிடமோ பேசினார், முதலில் மரியாதையாக, அப்புறம் சத்தமாக. "படுகை முழுக்கத் தூண் போட்டுத்தான் சார் ரோட்டைத் தூக்கணும், ஓடைக்கு வாய் தெறந்து விடணும்... ஆகும் சார், கூடத்தான் ஆகும், நான் கணக்கோட வந்து உட்கார்றேன்... வயலைத் தோண்டி முடிக்கிற வரைக்கும் தூணும் இங்க எறங்காது... இல்ல சார், நான் பொறுப்பு, என் பேரைப் போட்டுக்குங்க." வைத்துவிட்டு லாரிகளைப் பார்த்துக் கையை ஆட்டினார், போங்கள் என்று. ஒவ்வொன்றாகத் திரும்பின. மண்ணைச் சுமந்து வந்த லாரிகள் மண்ணோடு திரும்பிப் போவதை இதற்கு முன் நான் எங்கேயும் பார்த்ததில்லை, உறுமல் தேய்ந்து தேய்ந்து கடைசியில் காற்றுச் சத்தமும் ஆற்றுச் சத்தமும் மட்டும் மிச்சமிருந்தன. ஜெயித்துவிட்டேன். சொல்லிக்கொள்ளலாம் இப்போது, ஜெயித்துவிட்டேன், ஜெயித்துவிட்டோம், உடம்புக்குள் எரிந்ததெல்லாம் எங்கே போனது என்று தெரியவில்லை, பசிக்கிறது, இரண்டு ஆள் சோறு தின்பேன்.

"அம்மா, இங்க வாயேன்." அஞ்சலை குழியின் வடக்குக் கோடியிலிருந்து கூப்பிடுகிறாள். சிரிக்காமல் கூப்பிடுகிறாள். வேண்டாம், எலும்பு வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், இந்த நல்ல நாளில் வேண்டாம் என்று நினைத்துக்கொண்டே ஓடினேன். குழி அங்கே மேடேறுகிறது, ஆற்றங்கரை மேட்டின் சரிவு, ஓடின தடங்கள் அதில் ஏறுகின்றன, பக்கத்தில் பக்கத்தில், ஒருத்தி இன்னொருத்தியை இழுத்துக்கொண்டு ஏறின மாதிரி. மணல் சுவர் வர வரக் குட்டையாகி முழங்கால் உயரம், சாண் உயரம். உச்சியில் மணலே இல்லை, ஒரு நகத்தின் கனத்துக்கு மெல்லிய வண்டல் மட்டும், தேங்கி வடிந்த தண்ணீர் விட்டுப்போனது. அதை ஏற்கெனவே வழித்து வைத்திருந்தாள் அஞ்சலை. அடியில் தடங்கள். ஓடுகிற தடங்கள் இல்லை. இரண்டு கால் சேர்ந்தாற்போல, பக்கத்தில் இன்னும் இரண்டு, அதற்குப் பக்கத்தில் இன்னும், தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றவர்களின் கால்கள், விரல்களெல்லாம் தெற்கே, மூழ்கிப்போன வயலைப் பார்த்தபடி. "தப்பிச்சிட்டாளுங்களாம்மா?" என்று அஞ்சலை கேட்டாள். நான் வண்டலின் கனத்தை நகத்தால் அவளுக்குக் காட்டினேன். இங்கே தண்ணீர் அவர்கள் பாதத்தை நனைத்ததோடு சரி. அத்தனை பேரும் நின்றுகொண்டிருந்தார்கள்.